புளியந்தீவுக் கோட்டை புகட்டும் பாடம்

மட்டக்களப்பு நகரிலே, வாவிநீர் சூழ்ந்த புளியந்தீவில், பழைய கோட்டையொன்று நிற்பதை நம் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நெடுங்காலமாக அரசாங்க அலுவலகங்கள் அதனுள்ளே இயங்கிவந்தமையால், பிறப்புப் பத்திரம் தேடியும் காணிக் காரியமாகவும் அதன் வாயிலைக் கடந்து சென்றோர் பலர். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வெறும் மதிலும் வாயிலுமே. ஆயினும் அக்கோட்டையின் வரலாற்றைச் சிறிது ஊன்றிப் படிப்போமாயின், ஒவ்வொரு மனிதனும் தன் வாழ்நாளில் விடைகாண வேண்டிய இரண்டு வினாக்களை அது நம் முன்னே வைப்பதைக் காண்போம். என்னை நான் எவ்வளவு பெரியவனாக மதிக்கின்றேன் என்பது ஒன்று. யாரை நான் நம்புகின்றேன் என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் தொடர்பற்ற வினாக்கள் போலத் தோன்றும். செருக்கைப் பற்றி ஒரு நாளும், நம்பிக்கையைப் பற்றி இன்னொரு நாளும் பிள்ளைகளுக்குப் போதிப்பதே நம் வழக்கம். ஆனால் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை விவிலிய நூலின் பழைய ஏற்பாடு மீண்டும் மீண்டும் கதைகளாகக் கூறுகின்றது. செருக்குடையவன் தவறான மனிதனை நம்புவது தற்செயலன்று. அவனுடைய செருக்கே அந்த மனிதனைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கின்றது. இன்று நாம் சிந்திக்கப்போவது இதனையே.

சைவக் குடும்பங்களிலும் படிக்கப்படும் இப்பத்திரிகையில் விவிலியக் கதைகள் எதற்கு என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. 1814ஆம் ஆண்டில் மெதடிஸ்த தொண்டர் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பை வந்தடைந்த காலந்தொட்டு, நம் நாட்டுச் சைவப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இக்கதைகளைக் கேட்டே வளர்ந்திருக்கின்றார்கள். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கிறித்தவப் பாடசாலைகளிற் கற்றவரே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், சைவத்தின் காவலராக விளங்கிய அவரே, பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அப்பணியிற் பெருந்துணையாக நின்றார். நல்ல கதை எந்த வாயிலால் வந்தாலும் அதற்கு ஆசனமிட்டுக் கேட்பது நம் முன்னோர் பண்பு.

முதலிலே ரெகொபெயாமின் கதையைக் காண்போம். ஞானத்துக்குப் பெயர்பெற்ற சாலொமோன் அரசனின் மகன் இவன். தந்தை இறந்தபின் முடிசூடுவதற்காகச் சீகேம் என்னும் ஊருக்குச் சென்றான். மக்கள் திரண்டு வந்து, தந்தை சுமத்திய பாரம் மிகக் கடியது என்றும், அதனைச் சிறிது இலேசாக்கினால் தாம் அவனுக்குப் பணிந்து நடப்போம் என்றும் வேண்டினர். மூன்று நாட்களில் விடை தருவதாக அவன் கூறினான். தந்தையின் அவையிலிருந்த முதியோரைக் கேட்டான். இன்று நீ இவர்களுக்குத் தாழ்ந்து இன்சொற் கூறினால் இவர்கள் என்றும் உன்னுடையவர் என்றனர் அவர்கள். பின்னர்த் தன்னோடு விளையாடி வளர்ந்த இளைஞரைக் கேட்டான். தந்தையினும் நீ கடியவன் என்று காட்டுவாய் என்றனர் அவர்கள். இளைஞரின் சொல்லே அவனுக்கு இனித்தது. கடுஞ்சொல் கூறினான். பன்னிரண்டு கோத்திரங்களில் பத்து அவனை விட்டு நீங்கின. தாவீதும் சாலொமோனும் கட்டிக்காத்த அரசு ஒரே நாளில் இரண்டாகப் பிளந்தது.

மாணவச் செல்வங்கள் இக்கதையில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ரெகொபெயாம் ஆலோசனை கேளாதவன் அல்லன். இரு தரத்தாரையுங் கேட்டான். மூன்று நாள் அவகாசமும் எடுத்துக்கொண்டான். வெளியே பார்த்தால் அவன் நடந்துகொண்ட முறை நேரானதே. ஆனால் அவன் தேடியது அறிவுரையன்று. தன் உள்ளத்தில் ஏற்கெனவே எழுந்துவிட்ட பதிலைத் திருப்பிச் சொல்லும் வாயையே அவன் தேடினான். பெருமை விரும்பும் மனம் பத்துப் பேரைக் கேட்கும். ஆயினும் தன்னைப் பெரிதாகச் சொல்லும் பதினோராவது ஆளை மட்டுமே நம்பும்.

இனி நம் வாவிக் கரைக்கு வருவோம். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஸ்பில்பேர்ஜன் என்ற ஒல்லாந்தத் தளபதியின் கப்பல்கள் மட்டக்களப்புக் கடலில் நங்கூரமிட்டன. அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் முதலாம் விமலதர்மசூரியன். கரையோரத்தைப் பிடித்திருந்த போர்த்துக்கேயரோடு தீராப் பகை கொண்டிருந்த அவ்வரசன், அவர்களுக்குப் பகைவரான ஒல்லாந்தர் வந்ததைக் கேட்டுப் பெருமகிழ்வெய்தினான். மலைநாட்டுக்கு வந்த ஸ்பில்பேர்ஜனை ஆரத் தழுவி வரவேற்றான். ஒல்லாந்தர் தன் நாட்டிலே ஒரு கோட்டை கட்ட விரும்பினால், தானும் தன் அரசியும் மக்களும் தோளிலே கல்லும் சுண்ணாம்பும் சுமந்து உதவுவோம் என்று அவன் சொன்னதாக அக்காலக் குறிப்புக்கள் கூறுகின்றன. முன்பின் அறியாத ஒருவனிடம், ஒரே சந்திப்பில், இத்துணை நம்பிக்கை!

அவ்வாண்டின் இறுதியில் செபால்ட் டி வேர்ட் என்ற மற்றொரு தளபதி வந்து சேர்ந்தான். தென்னமெரிக்காவின் கோடியிலுள்ள மகெல்லன் நீரிணையில் மாதக்கணக்காகப் புயலோடும் பசியோடும் போராடி மீண்ட வீரன் அவன். தென் அத்திலாந்திக்குத் தீவுகள் சில அவன் பெயராலேயே அழைக்கப்பட்டன. அரசன் தரைவழியாகவும் ஒல்லாந்தர் கடல்வழியாகவும் காலிக் கோட்டையைத் தாக்குவதென இருவரும் பேசி முடித்தனர். அச்சே நாட்டுக்குச் சென்று கூடுதலான கப்பல்களுடன் டி வேர்ட் 1603இல் மீண்டு வந்தான். வரும் வழியிலே போர்த்துக்கேயக் கப்பல்கள் நான்கு அவன் கையில் அகப்பட்டன. ஆனால் சிறைப்பட்டோரைத் தன் விருப்பப்படி விடுவித்துவிட்டான். பகைவரை விடுவித்தவன் நண்பனா என்ற ஐயம் அரசன் உள்ளத்தில் எழுந்தது.

இந்நிலையில், 1603ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், மட்டக்களப்புப் பகுதிக்கு வந்திருந்த அரசனோடு டி வேர்ட் விருந்துண்டான். மது மிகுந்தது. தன் கப்பல்களை வந்து காணுமாறு அரசனை வற்புறுத்தினான், அரசன் இணங்கவில்லை. அரசி தனித்திருப்பதால் தான் தலைநகர் திரும்ப வேண்டும் என்று அரசன் கூறியபோது, அந்த அரசியின் கற்பையே இழிவுபடுத்தும் சொல்லொன்று டி வேர்ட்டின் வாயிலிருந்து வெளிவந்தது. அவனைக் கட்டுமாறு அரசன் ஆணையிட்டான். கணப்பொழுதில் டி வேர்ட் வெட்டுண்டு வீழ்ந்தான். அவனோடு கரையிறங்கிய ஏறத்தாழ ஐம்பது பேரும் மாண்டனர். பனிக்கடலும் கொடும்புயலும் கொல்லாத வீரனை ஒரு கிண்ண மதுவும் ஒரு சொல்லும் கொன்றன.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது தானியேலின் நூலிலுள்ள பெல்ஷாத்சாரின் விருந்து நினைவுக்கு வராமற் போகாது. பாபிலோனின் அரண்மனையிலே ஆயிரம் பிரபுக்களுக்கு விருந்து. மதுவெறியில் அவன் எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிடப்பட்ட பொற்பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து அவற்றிலே குடித்தான். சுவரிலே ஒரு கை தோன்றி எழுதிற்று. அதனைப் படித்துக் காட்ட வந்த தானியேல், அரசன் தராசிலே நிறுக்கப்பட்டுக் குறைவுடையவனாகக் காணப்பட்டான் என்றான். அவ்விரவே பெல்ஷாத்சார் கொல்லப்பட்டான். தானியேல் அவன்மேற் சுமத்திய பெருங்குற்றம் குடியன்று. முன்னே ஆண்ட நேபுகாத்நேச்சார் செருக்கினால் அறிவிழந்து, காட்டிலே மாட்டைப்போலப் புல்மேய்ந்த வரலாறு உனக்குத் தெரியுமே, தெரிந்தும் நீ உன் உள்ளத்தைத் தாழ்த்தவில்லையே என்பதே குற்றச்சாட்டு.

தெரிந்துந் திருந்தாமைக்கு நம் நாட்டிலும் சான்று உண்டு. 1640ஆம் ஆண்டில், காலிக் கோட்டையைக் கைப்பற்றிய கொஸ்டர் என்ற ஒல்லாந்தத் தளபதி கண்டிக்குச் சென்று, அரசவையிலுள்ளோரிடம் கடுஞ்சொல் பேசிப் பகையைத் தேடிக்கொண்டான். கிழக்குக் கரை நோக்கித் திரும்பும் வழியிலே, துணைக்கு வந்தவர்களாலேயே அவன் கொல்லப்பட்டான். டி வேர்ட்டின் கதை தன் நாட்டார் ஏடுகளிலேயே எழுதப்பட்டிருக்க, அதிலிருந்து அவன் கற்றது ஒன்றுமில்லை.

இதுவரை கூறியது அந்நியரின் செருக்கு. இனி நம்பியவரின் கதைக்கு வருவோம். டி வேர்ட் மாண்டபோது புளியந்தீவில் கோட்டை இல்லை. 1628ஆம் ஆண்டளவில் அதனைக் கட்டுவித்தவன் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. அவனும் இரண்டே ஆண்டுகளில், 1630இல், ஊவா நாட்டுப் படையெடுப்பின்போது, தான் முழுதும் நம்பியிருந்த முதலிமாரால் நடுக்களத்திற் கைவிடப்பட்டு இறந்தான் என்பதை வழிப்போக்காகக் குறித்துச் செல்வோம்.

டி வேர்ட்டினால் இகழப்பட்ட அந்த அரசியின் பெயர் தோனா கதரீனா. விமலதர்மசூரியன் இறந்தபின் அவள் செனரத் அரசனை மணந்தாள். அவர்களுடைய மகனே இரண்டாம் இராஜசிங்கன். தாயை இழித்துரைத்த அதே நாட்டினரைப் போர்த்துக்கேயருக்கு எதிராகத் துணைக்கழைத்தவன் இவனே. 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி, வெஸ்டர்வோல்ட் என்ற தளபதியின் பீரங்கிகளாலும் அரசனின் படையாலும் புளியந்தீவுக் கோட்டை வீழ்ந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் கோட்டை அதுவே. ஐந்து நாட்களின் பின்னர், 23ஆந் திகதி, இதே மட்டக்களப்பிலே உடன்படிக்கையொன்று ஒப்பமிடப்பட்டது.

அவ்வுடன்படிக்கையில் ஒரு விதியைப் பிள்ளைகள் மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அவ்விதி. அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியிலே, அரசன் விரும்பினால் என்ற நிபந்தனை அதனோடு சேர்ந்திருந்தது. ஒல்லாந்தரின் மொழிப் பிரதியிலே அந்தச் சில சொற்கள் இல்லை. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சி வேரூன்றிய வரலாற்றை ஆராய்ந்து 1958இல் நூல் வெளியிட்ட பேராசிரியர் கே. டபிள்யூ. குணவர்த்தன போன்ற வரலாற்றறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளனர். போருக்கான செலவு முழுவதையும் கறுவா, மிளகு, மெழுகு, யானை முதலியவற்றால் அரசன் ஈடுசெய்வான் என்பது மற்றொரு விதி. செலவுக் கணக்கை எழுதியவர்களோ ஒல்லாந்தரே. கணக்கு வளர்ந்துகொண்டே சென்றது. கடன் தீரும்வரை கோட்டைகள் ஈடாகத் தம்மிடமே இருக்கும் என்றனர் அவர்கள்.

விவிலியத்தில் இதற்கு ஒப்பான கதை யூதேயாவை ஆண்ட ஆகாஸ் அரசனுடையது. கி.மு. 735 அளவில் தமஸ்குவின் அரசனும் இஸ்ரவேலின் அரசனும் ஒன்றுகூடி எருசலேமை முற்றுகையிட்டனர். காற்றிலே காட்டு மரங்கள் அசைவதுபோல அரசன் நெஞ்சமும் மக்கள் நெஞ்சமும் நடுங்கின என்கின்றது நூல். அவ்வேளையில் ஏசாயா என்னும் தீர்க்கதரிசி அரசனைச் சந்தித்து, அஞ்சாதே, அமைதியாயிரு, இவ்விருவரும் புகைந்து அணையும் கொள்ளிக்கட்டைகள் என்றான். ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் திரட்டி, அக்காலத்துப் பெருவல்லரசான அசீரியாவின் மன்னனுக்கு அனுப்பி, நான் உமது அடிமை, வந்து காத்தருளும் என்று வேண்டினான். அசீரியன் வந்தான். கி.மு. 732இல் தமஸ்கு வீழ்ந்தது. ஆகாஸ் நினைத்தது நடந்தேறியது. ஆனால் அவனுடைய மகன் எசேக்கியாவின் காலத்திலே, கி.மு. 701இல், அதே அசீரியாவின் சேனை எருசலேமின் மதிலைச் சூழ்ந்து நின்றது.

இராஜசிங்கனுக்கும் அதுவே நேர்ந்தது. 1640இல் காலி வீழ்ந்தது. அரசன் கைக்கு வரவில்லை. ஏழு மாத முற்றுகையின் பின்னர் 1656ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி கொழும்பு வீழ்ந்தது. முற்றுகையிலே துணைநின்ற அரசனின் படையினருக்கு அதன் வாயிற் கதவு அடைக்கப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயர் போயினர், அவர்கள் இருந்த இடத்திலே ஒல்லாந்தர் இருந்தனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினான் என்று சிங்கள மக்களிடையே இன்றும் வழங்கும் பழமொழியை இக்கதையோடு சேர்த்துச் சொல்வதுண்டு.

இராஜசிங்கன் அறிவிலியா? அல்லன். போர்க்களத்தில் வல்லவன், அரசியற் சூழ்ச்சியிலும் தேர்ந்தவன். அப்படியாயின் எங்கே பிழைத்தான்? ஒல்லாந்தர் தம் கடிதங்களிலே அவனைப் பேரரசன் என்று விளித்தனர். தம்மை அவனுடைய பணிவுள்ள ஊழியர் என்று எழுதினர். தன் பெருமையை ஒப்புக்கொண்டவன் தன் உரிமையையும் ஒப்புக்கொள்வான் என்று எண்ணும் மயக்கம் அரசருக்கு மட்டும் உரியதன்று. வலியவன் ஒருவனை வேண்டும்போது அழைத்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று தன் திறமையிலே அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தான். பிறரை நம்பி ஏமாந்தவர் என்று நாம் இரங்குவோரிற் பலர் உண்மையில் தம்மையே நம்பி ஏமாந்தவர்.

இக்கதைகளிலிருந்து நம் இல்லங்களுக்குப் பயன்படும் அளவுகோல்கள் மூன்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நமக்குக் கசப்பானதைச் சொல்லும் துணிவு அவனிடம் உண்டா என்று பார்த்தல். ஆகாப் என்னும் இஸ்ரவேல் அரசன் போருக்குப் புறப்படுமுன் ஏறத்தாழ நானூறு தீர்க்கதரிசிகளைக் கேட்டான். வெற்றி உமதே என்றனர் அனைவரும். மிகாயா ஒருவன் மட்டும் தோல்வியைக் கூறினான். இவன் எனக்கு நல்லதே சொல்வதில்லை என்று வெறுத்து அவனைச் சிறையிலடைத்தான் அரசன். எய்தவன் குறியே வையாது விட்ட அம்பொன்று போர்க்களத்தில் அவன் உயிரைக் குடித்தது. நானூறு வாழ்த்தினும் ஓர் எச்சரிக்கை பெரிது. பரீட்சைக்கு முதல் நாள் படமாளிகைக்கு அழைக்கும் தோழன் இனியவன். போகாதே என்று தடுக்கும் தோழன் கசப்பானவன். பத்தாண்டு கழித்து யாருடைய பெயர் நன்றியோடு நினைக்கப்படும் என்பதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

இரண்டாவது, சிறிய காரியத்தில் வாக்குக் காத்தானா என்று பார்த்தல். சிறியதில் உண்மையாயிருப்பவனே பெரியதிலும் உண்மையாயிருப்பான் என்ற கருத்தை இயேசுநாதரும் போதித்துள்ளார். காலியைக் கொடாதவன் கொழும்பைக் கொடுப்பானா? பதினாறு ஆண்டுகள் அந்தச் சான்று கண்முன்னே கிடந்தது. முந்நூறு ரூபா கைமாற்றைத் திருப்பித் தராதவனுக்கு மூன்று இலட்சத்துக்குப் பிணைக் கையொப்பம் இடும் மனிதர் நம் ஊரில் இல்லையா?

மூன்றாவது, எழுத்தைப் பார்த்தல். எந்த மொழியில் எழுதப்பட்டது, மற்றவனிடம் இருக்கும் பிரதியில் என்ன எழுதியிருக்கின்றது, கடன் கணக்கை எழுதுபவன் யார் என்ற மூன்று கேள்விகளை 1638இல் உரியபடி கேட்டிருந்தால் இந்நாட்டின் வரலாறு சிறிதேனும் மாறியிருக்கக்கூடும். அவற்றை இன்று கேட்க வேண்டிய இடம் நம் வீட்டுத் திண்ணை. அண்மைய ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்று, வாரந்தோறும் கட்டியும் தீராத கணக்கிற் சிக்கிய பெண்களின் துயரை நாம் கண்டோம். வெளிநாட்டு வேலை என்று கூறும் முகவரிடம், விளங்காத மொழியில் அச்சிட்ட தாளிலே, வாசிக்காமற் கையொப்பமிட்டு விமானமேறியோர் எத்தனையோ பேர். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் நாணுகின்றனர். எனக்கு விளங்கவில்லை என்று சொல்வதற்கு அதைவிட நாணுகின்றனர். அந்த நாணத்தின் உள்ளே ஒளிந்திருப்பதும் செருக்கே. விளங்கவில்லை என்று நொத்தாரிசின் முன் துணிந்து சொல்லும் தாய், படித்த மகனினும் அறிவுடையவள்.

அங்ஙனமாயின் யாரையும் நம்பாதிருத்தலே நன்றோ என்று சிலர் கேட்பர். அதற்கும் இராஜசிங்கனின் பிற்கால வாழ்வே விடை கூறுகின்றது. ஏமாற்றப்பட்ட அரசன் பின்னர் எவரையும் நம்பாதவனானான். தற்செயலாய்க் கரையிறங்கிய கப்பலோட்டிகளைக்கூடப் பிடித்து ஆண்டுக்கணக்காக வைத்திருந்தான். திருகோணமலைக்கு அண்மையிலே 1660இல் அகப்பட்ட ஆங்கிலேயன் றொபேட் நொக்ஸ் தப்பியோட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1664இல் சொந்தக் குடிகளே கிளர்ந்தெழுந்து, அவனுடைய இளம் மைந்தனை அரசனாக்க முயன்றனர். அக்கிளர்ச்சி அடங்கியபின், அரசன் தன் மகனையே நஞ்சிட்டுக் கொன்றான் என்று நொக்ஸ் எழுதியுள்ளான். ஆராயாது நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் இரண்டுமே தீராத் துன்பம் தரும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் தெரிந்து தெளிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமைக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ?

செருக்கு நோயாயின் அதற்கு மருந்து யாது? நாகமான் என்னும் சீரியப் படைத்தலைவனின் கதையை விவிலியம் மருந்தாகத் தருகின்றது. நாட்டுக்கு வெற்றி தேடித்தந்த வீரன், ஆனால் குட்டநோயாளன். அவன் வீட்டிலே, போரிற் சிறைபிடிக்கப்பட்ட இஸ்ரவேல் நாட்டுச் சிறுமியொருத்தி பணிசெய்தாள். தன் நாட்டுத் தீர்க்கதரிசி இந்நோயைத் தீர்ப்பான் என்றாள் அவள். பகைநாட்டு அடிமைச் சிறுமியின் சொல்லை நம்பி நாகமான் புறப்பட்டான். பொன்னும் வெள்ளியும் பட்டாடையும் சுமந்து எலிசாவின் வாயிலில் தேருடன் நின்றான். எலிசா வெளியே வந்து முகங்காட்டவும் இல்லை. யோர்தானில் ஏழுமுறை முழுகு என்று ஆளனுப்பிச் சொன்னான். எங்கள் தமஸ்குவின் ஆறுகள் இதைவிடச் சிறந்தவை அல்லவா என்று வெகுண்டு திரும்பினான் படைத்தலைவன். அப்போது அவனுடைய ஏவலாளர் அருகே வந்து, தந்தையே, பெரிய காரியமொன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே, இந்தச் சிறிய காரியத்தைச் செய்தாலென்ன என்று பணிவாகக் கேட்டனர். அவன் இறங்கினான், முழுகினான், சிறு பிள்ளையின் மேனிபோல அவன் மேனி தூய்மையடைந்தது.

நாகமானைக் காத்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுமி, பெயரறியாத சில ஏவலாளர். அவர்களுக்கு அவனிடம் பெறவேண்டிய ஆதாயம் எதுவுமில்லை. அவன் நலமடைய வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். கீழே இருப்பவரின் சொல் நல்லதாயின் அதற்காகத் தேரிலிருந்து இறங்கத் தெரிந்தவனே நம்பத்தக்கவரைக் கண்டுகொள்கின்றான். வீட்டுக்கு வந்த மருமகளின் எச்சரிக்கை, வயலில் நிற்கும் முல்லைக்காரனின் அனுபவம், வாவியில் வலை வீசும் முதியவரின் சொல், பத்து வயதுப் பிள்ளையின் கேள்வி இவற்றையெல்லாம் பொருட்படுத்தாத போடியார் எத்துணைச் செல்வராயினும், அவரைச் சூழ நானூறு பேரின் வாழ்த்தொலி மட்டுமே எஞ்சும்.

நம்பிக்கை நம் வாவியின் முகத்துவாரத்தைப் போன்றது. மாரிவெள்ளம் பெருகும்போது அங்குள்ள மணல் மேட்டை வெட்டிவிடுகின்றோம். அடைத்தே வைத்திருந்தால் வயலும் வீடும் வெள்ளத்தில் மூழ்கும். காலமறியாது திறந்துவிட்டால் கடலின் உப்பு உள்ளே புகும். எப்போது, எந்த அளவு வெட்டுவது என்பதைத் தனியொருவன் தன் பெருமைக்காக முடிவு செய்தல் ஆகாது. நீரையும் காற்றையும் அறிந்தவரைக் கேட்டே செய்தல் வேண்டும். யாரை நம்புவது என்று முடிவு செய்யும் நாளிலும் அவ்வாறே செய்வோமாக. புகழ்ந்தவனை விடுத்து எச்சரித்தவனை ஒரு முறை அழைத்துக் கேட்போம். தாளை முழுவதும் வாசிப்போம். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று கூற நாணாதிருப்போம்.